சொகுசுக் கப்பலின் இரவு விருந்தில் கோட்டின் இடம்: ஒரு மறுவாசிப்பு

இப்பொருள் குறித்து இதுவரை ஆய்வேதும் நிகழ்ந்ததில்லை. நிகழ்ந்திருக்கலாம், நான் தேடவில்லை. தேடிவிட்டால் இந்த முதல் வரியை எழுத முடியாது. இந்த வரி இல்லாத ஆய்வேட்டை எந்தத் துறைத்தலைவரும் கையில் வாங்கமாட்டார்.

ஆய்வுச் சிக்கலாவது: சொகுசுக் கப்பலில் போகிறவர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு எந்த அளவுக்கு உடுத்திக்கொண்டு போக வேண்டும்? பசி எல்லார்க்கும் பொது, டை அப்படியன்று. இரண்டுக்கும் நடுவிலான போராட்டம் மாலை ஐந்தே முக்காலுக்குத் தொடங்கி, கட்டிலில் விரித்துப் போட்ட துணிகளுக்கிடையே ஆறரை வரை நீடிக்கிறது. என் கருதுகோள்: மனிதன் கப்பலில் உடுத்துவது அழகுக்காகவும் அன்று, மரபுக்காகவும் அன்று, தான் ஒருவன் மட்டும் வேறு மாதிரி வந்து நின்றுவிடக் கூடாதே என்ற பயத்தால். கருதுகோளை முதலிலேயே முடிவு செய்துவிட்டபடியால் தரவுகள் அதற்கேற்பத் திரட்டப்பட்டன.

தமிழில் எதையும் ஐந்தாகப் பிரிக்காவிட்டால் ஆய்வாகாது. ஆகவே ஐந்து இயல்கள். கடல் நெய்தலுக்குரியது, நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பது, கழுத்தில் ‘போ’ டை கட்டிக்கொண்டு லிஃப்டுக்காக நிற்பவர் முகத்தைப் பார்த்தவர்க்கு விளக்க வேண்டாதது.

இயல் 1: மூலபாடமும் பாடபேதமும்

மறுநாளைய உடைவிதி முந்தின ராத்திரியே தாளில் அச்சாகி அறைக்கு வந்துவிடும். இப்போது கைபேசிச் செயலியிலும் வருகிறது. இதுவே மூலம். மூலம் ஒன்றாக இருந்தால் உரையாசிரியர்களுக்குப் பிழைப்பு ஏது என்று நினைத்தோ என்னவோ, கம்பெனிக்கொரு மூலம் வைத்திருக்கிறார்கள். குனார்ட் கம்பெனியார் ‘காலா ஈவினிங்’ என்பர். அன்றைக்கு ஆண்கள் டின்னர் ஜாக்கெட்டோ, டையோடு கூடிய கறுத்த சூட்டோ போட வேண்டும். கார்னிவல்காரர் ‘க்ரூஸ் எலிகன்ட்’ என்பர். செலிபிரிட்டிக்காரர் ‘ஈவினிங் ஷிக்’ என்பர். நார்வீஜியன் கம்பெனி 2000-இல் ‘ஃப்ரீஸ்டைல்’ என்று சொல்லி, உடுத்துவதை அவரவர் இஷ்டத்துக்கு விட்டுவிட்டது. எனவே அவர்களுடைய கப்பல்கள் ஆய்வுக்கு உதவா. வர்ஜின் வாயேஜஸ் கப்பல்களில் ஒரு ராத்திரி எல்லாரும் சிவப்பு உடுத்துவர். இதை மேல்மருவத்தூர் யாத்திரையோடு ஒப்பிட நல்ல இடம் இருக்கிறது, எம்.ஃபில். பட்டத்தை நிறுத்திவிட்டார்களே என்று இப்படிப்பட்ட சமயத்தில்தான் வருத்தமாக இருக்கிறது.

பல கம்பெனிகளுக்குப் பொதுவாக ‘ஸ்மார்ட் கேஷுவல்’ என்றொரு பகுதி உண்டு. இதற்கு உரை கண்டோர் மூவர். “காலர் இருந்தாப் போதும்” என்பார் ஒருவர் (வாய்மொழி, ஏழாம் தள லிஃப்டு). “ஜீன்ஸும் போடலாம், ஆனா கிழிஞ்சிருக்கக் கூடாது” என்பார் இன்னொருவர் (மேலது, கதவு மூடும் தறுவாயில்). “என் பேரன் கிழிஞ்சதைத்தான் கூடுதல் காசு குடுத்து வாங்கியிருக்கான்” என்பது மூன்றாமவர் மறுப்பு (ஐஸ்கிரீம் வரிசை, பிற்பகல், தகவலாளர் பெயர் சொல்ல விரும்பவில்லை, பேரன் பக்கத்தில் நின்றான்). மூன்றும் பொருந்துமேல் கொள்க. பொருந்தாதேல் மூலத்தில் இடைச்செருகல் என்று சொல்லிவிட்டு அடுத்த இயலுக்குப் போகலாம். பெரியவர்கள் காட்டிய வழி இது.

இயல் 2: மகளிர் உடை

சேலை எந்தக் கப்பலிலும் எந்த ராத்திரியும் செல்லும். மேலும், கடல்வழிச் செலவுக்குப் பெண்டிரை உடன் அழைத்துப்போகும் வழக்கமில்லை என்று தொல்காப்பியர் சொல்லிவிட்டதால், ஆதாரம் இல்லாத இடத்தில் அடியேன் வாய் திறப்பதற்கில்லை.

இயல் 3: தோற்றமும் தொன்மையும்

டின்னர் ஜாக்கெட்டை மரபு, கண்ணியம், கடல் நாகரிகம் என்று போற்றுவோர் அதன் ஜாதகத்தைப் பார்த்ததில்லை. 1865-இல், பிற்பாடு ஏழாம் எட்வர்டு ஆன வேல்ஸ் இளவரசர், வால் வைத்த நீளக் கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டில் சாப்பிட முடியவில்லை என்று, லண்டன் சாவில் ரோவிலுள்ள ஹென்றி பூல் கடையில் குட்டையாக ஒரு கோட்டுத் தைத்துக்கொண்டார். சாண்ட்ரிங்ஹாம் மாளிகையில் நெருங்கிய நண்பர்களோடு சாவகாசமாகச் சாப்பிட உட்காருவதற்கான உடை அது. நம் கணக்கில் சொன்னால் பனியன், லுங்கி. அது நியூயார்க்குக்குப் பக்கத்தில் டக்ஸிடோ பார்க்கில் 1886-இல் தொடங்கிய மனமகிழ் மன்றத்துக்குப் போய், அங்கே பெயரும் பெருமையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் கப்பலேறிவிட்டது. ஒருவர் சோம்பலாய் இருக்க வசதியாகத் தைத்துக்கொண்டதை இன்றைக்கு இரண்டாயிரம் பேர் மூச்சுப்பிடித்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

இதே இளவரசர் 1875 டிசம்பரில் சென்னைக்கு வந்து போனவர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. டின்னர் ஜாக்கெட்டின் தாயகம் தமிழகமே என்று நிறுவ இதற்குமேல் சான்று தேவையில்லை. கோட்டுத் தைத்தது பத்தாண்டு முந்தியாயிற்றே என்று கேட்பவர்கள் உண்டு. காலத்தைப் பின்னுக்குத் தள்ளுவதில் நம்மவர்க்குள்ள பயிற்சியை நோக்க, பத்தாண்டு ஒரு பொருட்டா? தவிர, அந்தக் கோட்டுக்கு உள்ளே இடுப்பில் சுற்றும் கமர்பந்து, இந்தியாவில் வெயில் தாங்காத வெள்ளைக்கார அதிகாரிகள் வெயிஸ்ட்கோட்டுக்குப் பதிலாக இங்கிருந்து எடுத்துக்கொண்டது. வெயில் இன்னும் கூடினால் கோட்டையும் கழற்றிவிட்டு, சட்டை, கமர்பந்து, கறுப்புக் கால்சட்டையோடு சாப்பிட உட்காரும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. செங்கடலின் பெயரால் அந்த உடை வழங்குகிறது. ஆகக் கோட்டு போனாலும் இடுப்புத்துணி நிலைத்தது. இதன் தத்துவார்த்தத்தைத் தனிக் கருத்தரங்கில் விவாதிப்போம், மதிய உணவு உண்டு.

அந்தக் காலத்தில் கப்பலில் எல்லாரும் கண்ணியமாக உடுத்தினார்கள் என்று பெருமூச்சு விடுவோர்க்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் 1922-இல் எமிலி போஸ்ட் எழுதிய நாகரிக ஒழுக்க நூல், கப்பலில் முழு விருந்துடை உடுத்துவது பெரிய மனிதர்க்கு அழகில்லை என்கிறது. பழைய சான்றாதாரம் நம் கட்சிக்கு எதிராகப் பேசினால் அதைப் படிக்காதிருப்பதே ஆய்வு நேர்மை.

1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கிய ராத்திரி, பெஞ்சமின் குகன்ஹெய்ம் என்ற செல்வந்தரும் அவருடைய பணியாளரும் மிதவையங்கியைக் கழற்றிவிட்டு விருந்துடைக்கு மாறினார்கள் என்ற செய்தி பரவலாகத் தெரிந்தது. பயத்தால் உடுத்துகிறான் என்ற என் கருதுகோளை இது அசைப்பதால், அடிக்குறிப்புக்கு அனுப்பப்படுகிறது. இக்கட்டுரையில் அடிக்குறிப்புகள் கிடையா.

இயல் 4: வரவேற்புக் கோட்டு

தமிழ் ஆண்மகனுக்கு ஆயுளில் ஒரே கோட்டு. கல்யாண ரிசப்ஷனுக்குத் தைத்தது. அதற்கப்புறம் அது பீரோவை விட்டு வெளியே வருவது கப்பலுக்குத்தான். சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட ஒரு கப்பலில் கள ஆய்வாளன் என்ற முறையில் நான் கூர்ந்து பார்த்த ஒரு கோட்டில், நடுப் பொத்தானுக்கும் அதன் துளைக்கும் இடையே நாலு விரற்கடை தூரம் விழுந்திருந்தது. மேல் பையில் பாச்சை உருண்டை ஒன்று பாதி கரைந்து உட்கார்ந்திருந்தது. உடையவர் மூச்சை உள்ளிழுத்துப் பொத்தானைப் போட்டார். பேசத் தொடங்கியதும் அது கழன்றுகொண்டது.

“நம்ம காசு, நம்ம சாப்பாடு. இவன் யாருங்க கோட்டப் போடு, டையக் கட்டுன்னு சொல்ல?” என்றார் அவர், நண்பகலில், நீச்சல் குளத்துப் பக்கம். மாலையில் அதே மனிதர் கோட்டோடு வந்தார்.

“என்ன சார், போட்டுட்டீங்களே?”

“வீட்ல சொன்னாங்க.”

“ஏங்க, எட்டாம் நம்பர் டேபிள்ல எல்லாரும் கோட்டுல வந்திருக்காங்க, நீங்க மட்டும் டீ சர்ட்டுல உக்காந்தா அவங்க என்ன நினைப்பாங்க?” என்று அம்மையார் கேட்டதாகப் பிற்பாடு தெரிந்தது. எட்டாம் மேசைக்காரர்களிடமும் போய் விசாரித்தேன். ஒன்பதாம் மேசையைப் பார்த்துத்தான் தாங்கள் போட்டதாகச் சொன்னார்கள் (குழு நேர்காணல், சூப்புக்கும் மீனுக்கும் நடுவில், கத்தி முள்கரண்டி ஓசைக்கிடையே எடுத்த குறிப்பு, மேசைத்துணியின் தென்கிழக்கு மூலை, மூலப்படியைச் சலவைக்குப் போட்டுவிட்டார்கள்). ஒன்பதாம் மேசையில் அன்றைக்கு யாரும் இல்லை. பஃபேக்குப் போய்விட்டார்கள்.

இயல் 5: அரைக்கால் சட்டையும் மடித்துக்கட்டிய வேட்டியும்

ஆய்வின் உயிர்நிலை இது. குனார்ட் கம்பெனியின் ‘குயின் மேரி 2’ கப்பலை எடுத்துக்கொள்வோம். 2004-இல் ஓடத் தொடங்கி, சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே, இப்போது வழக்கமாக ஏழு இரவுகளில் ஒரு வழியைக் கடக்கும் கப்பல். அதன் பின்புறத்தில் ஊர்ப்பெயர் சவுத்தாம்ப்டன் என்றிருந்தது. 2011-இல் ஹாமில்டன் என்று மாற்றினார்கள். ஹாமில்டன் பெர்முடாவின் தலைநகர். நடுக்கடலில் கேப்டன் கல்யாணம் செய்துவைக்கப் பெர்முடா சட்டம் இடம் தருகிறது என்பதே காரணம். ஆக, கப்பல் சட்டப்படி பெர்முடா மண்.

பெர்முடாவில் மரியாதையான உடை எது? முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும் அரைக்கால் சட்டை, நீளக் காலுறை, மேலே கோட்டு, டை. வங்கிக்காரரும் வக்கீலும் அப்படித்தான் ஆபீஸுக்குப் போகிறார்கள். ஒலிம்பிக் தொடக்க விழாவில் அந்த நாட்டு அணி அரைக்கால் சட்டையில்தான் அணிவகுக்கிறது. ஆனால் பெர்முடாவில் பதிவான இந்தக் கப்பலின் விருந்தறையில் மாலை ஆறுக்குமேல் அரைக்கால் சட்டைக்கு இடமில்லை. பெர்முடாவில் மரியாதை, பெர்முடாக் கப்பலில் மரியாதைக் குறைவு. இந்த முரணைக் கண்டுபிடித்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனி வேட்டிக்கு வருவோம். ஸ்காட்லாந்துக்காரர் கில்ட்டு கட்டி வந்தால் வணங்கி உள்ளே விடுகிறார்கள். தேசிய உடைக்கு இடமுண்டு. எனில் பட்டு வேட்டிக்கும் உண்டு. சிக்கல் வேட்டியில் இல்லை, அதை மடித்துக் கட்டுவதில் இருக்கிறது. இறக்கிவிட்ட வேட்டி விருந்துடை. மடித்துக் கட்டிய வேட்டி, அளந்து பார்த்தால், பெர்முடா அரைக்கால் சட்டை. இரண்டும் ஒரே இடத்தில் முடிகின்றன. வேற்றுமை இரண்டு குழாயா ஒரு குழாயா என்பதில் மட்டும். எனவே மடித்துக் கட்டியவர் பெர்முடாச் சட்டப்படி கண்ணியவான், குனார்ட் விதிப்படி வெளியேற்றத்தக்கவர், தன் சொந்த ஊர் வழக்கப்படி பெரியவர் எதிரே வந்தால் அவிழ்த்துவிட வேண்டியவர். மேல்தளத்தில் காற்று அடிக்கும்போது இறக்கிவிட்டதே மடித்துக் கட்டியதாக மாறும் கணத்தை எந்த வகையில் சேர்ப்பது? இறக்கிவிட்டோர் மரபினர் நோக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பர். மடித்துக்கட்டியோர் மரபினர் விளைவைப் பார்க்க வேண்டும் என்பர். இரு சாராரும் ஒருவரையொருவர் மேற்கோள் காட்டுவதில்லை. கருத்தரங்கில் காப்பி இடைவேளையில்கூடத் தனித்தனியாகத்தான் நிற்கிறார்கள்.

வெல்க்ரோ ஒட்டும் வேட்டியை இழிவாகப் பார்ப்பவரும், கொக்கி மாட்டும் ‘போ’வை இழிவாகப் பார்க்கும் வெள்ளைக்காரரும் உண்மையில் ஒரே ஆள் என்பது என் துணை முடிவு. இருவரும் சாப்பிட வர இருபது நிமிடம் தாமதிக்கிறார்கள்.

சட்டப் பின்புலம் ஒன்று எஞ்சுகிறது. 2014 ஜூலையில், வேட்டி கட்டி வந்ததற்காக, நீதிபதி து. அரிபரந்தாமனைச் சேப்பாக்கத்திலுள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்து மனமகிழ் மன்றத்துக்குள் விட மறுத்தார்கள். அடுத்த மாதமே வேட்டியைத் தடுப்பது குற்றம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 2022 முதல் சென்னையிலிருந்தும் கப்பல் உல்லாசப் பயணம் புறப்படுகிறது. கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைல் வரை இந்திய எல்லை. அந்த எல்லைக்குள் முதல் பந்தி நடந்தால் வேட்டியைத் தடுக்க முடியாது என்று வாதிட இடமுண்டு. கடலெல்லை நடுவண் அரசுடையது, மாநிலச் சட்டம் அங்கே செல்லாது என்பாரும் உளர். இரண்டாம் பந்திக்காரர்கள் நிலை எப்படியும் பரிதாபம். அவர்கள் உட்காருவதற்குள் கப்பல் எல்லையைத் தாண்டிவிடும்.

மணிக்கணக்கிலும் நியாயம் கிடையாது. குயின் மேரி 2 நியூயார்க்கிலிருந்து கிழக்கே வரும்போது, நடுப்பகல் பன்னிரண்டு ஆனதும் கடிகாரத்தை ஒரு மணியாக்கிவிடுகிறார்கள். அன்று உடுத்துவதற்கான பிற்பகலில் ஒரு மணி நேரம் காணாமல் போகிறது. மேற்கே போகிறவர்களுக்கு நள்ளிரவுக்கு மேல் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருகிறார்கள். அப்போது யார் கோட்டுப் போடப் போகிறார்கள்?

காலணி பற்றி இங்கே பேச இடமில்லை. பட்டு வேட்டிக்குக் கீழே தோல் செருப்பா, ஷூவா, ஷூ என்றால் காலுறை வெளியே தெரியலாமா என்பதற்கே இரண்டு பாகம் ஆகும். அதற்கான நிதி நல்கை கேட்டு எழுதியிருக்கிறேன். தரவு திரட்டும் நாள்களில் ஆய்வாளருக்குப் பால்கனி வைத்த அறைதான் வேண்டும் என்பதற்கான முறையியல் நியாயம் விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. ஆய்வு உதவியாளர் என்ற தலைப்பில் என் மனைவி பெயர் மூன்றாம் பக்கத்தில்.