பச்சையெல்லாம் மரகதம்

மரகதம் தேடப் போகிறவனுக்குப் பச்சை நிறத்தின் மேல் ஆசை இருக்கக் கூடாது. எனக்கு அது கொஞ்சம் அதிகம்.

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் மாநிலத்தில், ஹோஹே டவுர்ன் மலைகளுக்கு நடுவே ஹபாக்டால் பள்ளத்தாக்கு. மரகதத்துக்கு ஐரோப்பாவில் பேர்போன இடம். பழைய சுரங்கம் 2,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. மழையும் பனிச்சரிவும் அங்கிருந்து உருட்டிக்கொண்டு வருவதைக் கீழே ஓடையில் சலித்துப் பார்க்கலாம். கிளம்பும் முன் நிறையப் படித்தேன். மரகதத்துக்கு வேண்டிய பெரிலியம் ஒரு பாறையின் சொத்து. பச்சையைத் தரும் குரோமியம் பக்கத்து செர்பென்டினைட் பாறையின் சொத்து. இரண்டும் சந்தித்த எல்லையில், கருப்பு மைக்காப் பாறைக்குள் விளைந்ததுதான் இந்த மரகதம். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கு இதை விளக்கவும் செய்தேன். அவர் கேட்கவில்லை.

ஓடையில் கால் வைத்ததும் படித்ததெல்லாம் தண்ணீரோடு போயிற்று. காக்காப்பொன் மினுங்கும் கருப்புக் கற்களை அழுக்கென்று பின்னால் வீசினேன். பச்சையாகத் தெரிந்ததையெல்லாம் பையில் போட்டேன். நான் வீசியவற்றை ஒரு சிறுமி பொறுக்கிக்கொண்டிருந்தாள். பாவம், விவரம் தெரியாத குழந்தை என்று நினைத்தேன்.

சாயங்காலம் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் என் பையைக் கொட்டிப் பார்த்தார். நகத்தால் கீறியதும் மாவாக உதிர்ந்தது டால்க். இலை இலையாகப் பிரிந்தது குளோரைட். ஊசி ஊசியாக நீண்டிருந்தது ஆக்டினோலைட். இருப்பதிலேயே நல்ல பச்சை, பீர் பாட்டில் சில்லு.

மனம் இரங்கி ஒரு கருப்புக் கல்லைக் கொடுத்தார். அதற்குள் பென்சில் முனை அளவில், ஆறு பட்டையோடு, கலங்கலாக ஒரு மரகதம். “கல்லோடேயே வச்சுக்குங்க” என்றார். மரகதம் கடினத்தைக் காட்டும் மோஸ் அளவையில் 7.5 முதல் 8 வரை, கத்தியால் கீற முடியாது என்று படித்திருந்தேனே! கீறலுக்கு அசையாதது அடிக்கு அசையுமா என்று நானே கணக்குப் போட்டு, ராத்திரி சுத்தியலை எடுத்தேன். ஒரே தட்டு. பச்சைப் பொடி.

1860களில் வியன்னா நகை வியாபாரி சாமுவேல் கோல்ட்ஷ்மிட் அங்கே தோண்டினார். பிறகு லண்டன் கம்பெனி ஒன்று வந்து, அதுவும் மூடிவிட்டுப் போனது. வீட்டில் கேட்டவர்களிடம் இந்தச் சரித்திரத்தைத்தான் சொல்கிறேன்: அவர்களே விட்டுவிட்டுப் போன இடம்! சரி, ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் பெட்டி ஏன் இந்தக் கனம் கனக்கிறது என்று கேட்கும்போதுதான் பேச்சை மாற்ற வேண்டியிருக்கிறது.