தோற்றம் உண்டு, மறைவு காலியிடம்

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் ஐந்து பேர் இருக்கிறார்கள். ஐந்து பேரும் காலமானவர்கள். மாமனாரின் அப்பா, அவருடைய தம்பி, மாமனார், மாமியார், கடைசியில் ஜன்னலையொட்டி என் ஆச்சி. ஆச்சியை நான்தான் பிறந்த வீட்டிலிருந்து சீதனம்போலக் கொண்டுவந்தேன். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று கடைசிவரை கேமராவுக்கு முகம் காட்டாதவள். போன பிறகு, ஏதோ ஒரு கல்யாணக் கும்பல் படத்தில் தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அவள் தலையை மட்டும் பிரித்தெடுத்துப் பெரிதாக்கினார்கள். அதனால் ஆச்சியின் தோளில் இன்றுவரை யாரோ ஒருவரின் முழங்கை இருக்கிறது. அது யாருடைய முழங்கை என்பதில் குடும்பத்தில் இரண்டு கட்சி.

போட்டோச் சட்டத்துக்கு நம் வீடுகளில் ஒரு சட்டம் உண்டு. ஒற்றை ஆளாக அதற்குள் போக வேண்டுமென்றால் முதலில் உயிர் போக வேண்டும். உயிரோடிருப்பவர்களுக்குக் கும்பலில் மட்டும்தான் இடம்: கல்யாணம், வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம். தனி ஆளுக்கு மாலை, சந்தனப் பொட்டு, சிவப்புக் குண்டு பல்பு.

இதெல்லாம் தெரிந்திருந்தும் ஐம்பத்தேழு வயதில் நான் தனியாகப் படம் எடுத்துக்கொள்ளக் கிளம்பினேன். மகள் செய்த வேலை.

"முப்பதாவது கல்யாண நாளு வருதே, அப்பாவுக்கு என்னம்மா குடுக்கப்போற?" என்று பெங்களூரிலிருந்து கேட்டாள்.

"வேட்டி."

"போன வருசமும் வேட்டி. இப்பல்லாம் நல்லா ஒரு போர்ட்ரெய்ட் எடுத்து சர்ப்ரைஸா குடுக்காங்கம்மா."

"முப்பது வருசமா தெனமும் பாக்கிற மூஞ்சிய தாளில வேற எதுக்குட்டி?"

சொல்லிவிட்டேனே தவிர, அன்றிரவு யோசித்துப் பார்த்தேன். என் தனிப்படம் ஒன்று அவர் பர்ஸில் உண்டு. கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் எடுத்தபோது படிவத்தில் ஒட்டியது போக மிஞ்சிய காப்பி. வட்டிவிகிதம் கேட்டு அதிர்ந்த முகம் அதில் அப்படியே இருக்கிறது. கல்யாணப் படத்திலோ எங்கள் இருவருக்கும் நடுவில் இன்னொரு ஆள் தாராளமாக நிற்கலாம். "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்று போட்டோகிராபர் சொன்னார், மாமியார் இருமினார், நாங்கள் இன்னும் விலகினோம். அது 1995. அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே பாரதி, செல்லம்மாளின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டுவிட்டார். ஆனால் அவர் பக்கத்தில் மாமியார் நிற்கவில்லை.

எங்கள் ஊரில் மனைவிக்குப் பெரிதாகச் செய்தவர் என்றால் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்தான். படப்பிடிப்புக்குப் புனே போன இடத்தில் டி.ஏ.மதுரத்தைச் சந்தித்து, தனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்று சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டார். விஷயம் வெளியே வர ரொம்ப நாள் ஆகவில்லை. பிற்பாடு நாகர்கோவிலில் கட்டிய வீட்டுக்கு 'மதுர பவனம்' என்று பெயர் வைத்தார். என் வீட்டுக்காரர் என்னிடம் பொய் சொன்னதில்லை. அதனால் எனக்கு வீடும் இல்லை.

நாகர்கோவிலில் ஸ்டுடியோவுக்கா பஞ்சம்? தெரிந்த முகம் இருக்கக் கூடாது என்று வடசேரிப் பக்கம் ஒரு மாடிப்படி ஏறினேன். கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு தாடி எழுந்தது. "டீச்சர்! என்னத் தெரியுதா? ஒம்பதாங் கிளாசில கணக்குல ரெண்டு தடவ முட்டை போட்டியளே!"

முப்பத்தைந்து வருடம் ஒரே மாவட்டத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் ரகசியமாக ஒரு வெண்டைக்காய்கூட வாங்க முடியாது. திரும்பிப் போகலாமா என்று பார்த்தேன். அதற்குள் முக்காலியை இழுத்துப்போட்டுவிட்டான்.

"தாடைய கொஞ்சம் தாத்துங்க டீச்சர். அவ்வளவு தாத்தாண்டாம். அனங்காதீங்க. அனங்காதீங்கன்னு சொல்லுகேன்லா!"

ஒன்பதாம் வகுப்பில் நான் அவனிடம் சொன்ன அதே சொல், அதே தொனி. 1839இல் தாகேர் பாரீஸில் தன் முறையை அறிவித்த காலத்தில் படத்துக்கு உட்கார்ந்தவர் நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டுமாம். தலை ஆடாமலிருக்கப் பின்னால் இரும்புத் தாங்கி வைத்துப் பிடிப்பார்களாம். அந்தக் காலத்துப் படங்களில் யாரும் சிரிக்காததற்கு இது ஒரு காரணம். இவனிடம் இரும்புத் தாங்கி இல்லை. பதினைந்து வருடக் கோபம் இருந்தது.

பின்னணிக்கு ஆல்ப்ஸ் மலை போடட்டுமா என்றான். வேளிமலையும் மருத்துவாமலையும் இருக்கிற ஊரில் ஆல்ப்ஸ் எதற்கு என்றேன். "அப்போ அவுட்டோர் போயிரலாம் டீச்சர்" என்று உற்சாகமாகிவிட்டான். முதலில் சொன்ன இடம் மாத்தூர் தொட்டிப்பாலம். 115 அடி உயரம். அங்கே நிறுத்தி, "கொஞ்சம் பின்னால போங்க டீச்சர்" என்று இவன் சொன்னால்? இரண்டு முட்டையை நினைத்துக்கொண்டேன். வேண்டாம் என்றேன். பத்மநாபபுரம் அரண்மனை என்று முடிவாயிற்று.

ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை சி.எல். போட்டேன். வீட்டில் சொல்லவில்லை. பட்டுச்சேலையை மடித்துச் சோற்றுப் பைக்குள் அமுக்கி, மேலே தூக்குவாளியை வைத்து, பள்ளிக்கூடத்துக்குப் போகிற மாதிரியே போனேன். வாசலில் அவர் பையைப் பார்த்தார். "இன்னைக்கு சோறு கூடுதலா?" என்றார். "அவியல்" என்றேன். முப்பது வருடத்தில் நான் சொன்ன முதல் பொய் காய்கறியோடு தொடர்புடையது.

தக்கலை தாண்டி அரண்மனை வாசலுக்குப் போனால் கதவு பூட்டு. திங்கட்கிழமை விடுமுறை. அரண்மனை நிற்பது தமிழ்நாட்டில், சாவி இருப்பது கேரளத் தொல்லியல் துறையின் கையில். 1956 நவம்பர் 1இல் மாவட்டம் இந்தப் பக்கம் வந்தது. அரண்மனை நிர்வாகம் மட்டும் வரவில்லை. நான் அதை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. பக்கத்துக் கடையின் பின்கட்டில் பட்டுச்சேலை மாற்றிக்கொண்டு அந்தப் பூட்டின் முன்னால் நின்றபோதுதான் மாநிலப் பிரிவினையின் வலி எனக்குப் புரிந்தது. "நல்லதாப் போச்சு டீச்சர். 'மணிச்சித்ரதாழ்' இங்கயும் எடுத்திருக்காவ. பட்டும் பூவுமா உள்ள போனா ஆளுக நாகவல்லின்னு நெனச்சிருவாவ" என்று ஆறுதல் சொன்னான்.

அங்கிருந்து முட்டம். 'அலைகள் ஓய்வதில்லை', 'கடலோரக் கவிதைகள்' என்று பாரதிராஜா எடுத்த பாறைகள். காதலுக்கு அதைவிட ராசியான இடம் உண்டா என்பது அவன் வாதம். சினிமாக்காரர்கள் ஆடியில் வந்தார்களா என்று நான் கேட்டிருக்க வேண்டும். அம்மியைத் தூக்குகிற காற்று ஐம்பத்தேழு வயது டீச்சரை விடுமா? முந்தானை அரபிக்கடல் பக்கம் போயிற்று. தோவாளையிலிருந்து வந்த பிச்சிப்பூச் சரம் கலங்கரை விளக்கம் பக்கம் போயிற்று. நான் நடுவில் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போதாக்குறைக்கு மேற்குக் கடற்கரையில் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கடலுக்குப் போகாதவர்கள் கரையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் வலையைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"என்ன படம் அண்ணாச்சி?" என்று ஒருவர் கேட்டார்.

"டீச்சர், சாருக்கு சர்ப்ரைஸ் குடுக்காவ" என்று இவன் காற்றுக்கு மேலே கத்தினான். கரை முழுக்கச் சிரித்தது. நான் திரும்பி, ஒன்பதாம் வகுப்புக் குரலில் அவனை வைதேன். அந்த நேரத்தில் கேமரா ஒருமுறை 'கிளிக்' என்றது.

அந்தப் படத்தை விட்டுவிடலாம். ஸ்டுடியோவில் எடுத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். ஒரு வாரம் கழித்துப் பிரிண்ட் போட்டு, பன்னிரண்டுக்குப் பதினைந்து அளவில் கையில் தந்தான். பார்த்தேன். நல்ல லட்சணமான பெண். யாரென்று தெரியவில்லை. கண்ணுக்குக் கீழே சுருக்கம் இல்லை, கழுத்தில் மடிப்பு இல்லை, மோவாயின் இடதுபக்கத்து மச்சமும் இல்லை. "லேசா டச் பண்ணினேன் டீச்சர்" என்றான். கணக்கில் ஒரு வரி எழுதச் சோம்பல்படுகிறவன், என் முகத்தில் விடாமல் இத்தனை வரிகளை அழித்திருக்கிறான்.

அடுத்தது சட்டம் போடுகிற கடை. கடைக்காரர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"தங்கச்சியாம்மா?"

நான் பதில் சொல்வதற்குள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சின்ன வயசு. என்ன செய்ய, நம்ம கையிலயா இருக்கு" என்றார். பிறகு பென்சிலை எடுத்தார். "கீழ தோற்றம், மறைவு போடணும்லா? தேதி சொல்லுங்க."

"தோற்றம் 1968" என்றேன். "மறைவு இன்னும் முடிவாகல. கோடிட்ட இடமா விடுங்க."

அவர் இரண்டாம் முறை படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பிப் பையனிடம் மெதுவாகச் சொன்னார்: "லே, அந்தப் பல்பு வேண்டாம்."

பல்பு போயிற்று. ஆனால் சட்டத்தின் மேல்முனைகளில் மாலை மாட்டுகிற இரண்டு கொக்கிகளை ஏற்கெனவே அடித்துவிட்டிருந்தார்கள். "கழத்தினா மரம் சிலும்பிரும்மா. இருக்கட்டும், எப்பவாவது உதவும்" என்றார். அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லைதான்.

கல்யாண நாள் அன்று காலை, காபியோடு பொட்டலத்தை அவர் முன்னால் வைத்தேன். என் வீட்டுக்காரர் பொதுப்பணித்துறையில் கால்வாய் அளந்து ஓய்வுபெற்றவர். எதையும் முதலில் பின்பக்கத்திலிருந்துதான் பார்ப்பார். பின்னட்டையைத் தட்டிப் பார்த்தார். கொக்கிகளை எண்ணினார். அப்புறம் முன்பக்கம் திருப்பி நெடுநேரம் பார்த்தார்.

"கொள்ளாம்" என்றார்.

அவியலுக்கும் அதுதான், மகள் இன்ஜினீயரிங்கில் ரேங்க் வாங்கியதற்கும் அதுதான், ஐப்பசி மழைக்கும் அதுதான். பாராட்டில் அதற்கு மேல் ஒரு சொல் அவரிடம் கிடையாது. நான் திருப்தியாக எழுந்தேன்.

"ஏட்டி, மச்சம் எங்க?"

"அது... டச் பண்ணினானாம்."

"ம்." காபியைக் குடித்து முடித்தார். "முட்டத்தில காத்து பலமோ?"

அவியல் பை போன அன்றே ஆட்டோக்காரர் சொல்லிவிட்டாராம். மறுநாள் கனகமூலம் சந்தையில் பூக்காரி. அப்புறம் தக்கலையில் இருக்கிற அவருடைய கொழுந்தியாள். முட்டத்திலிருந்து, மகளுடன் படித்த பெண்ணின் அண்ணன், போனில். ஆக ஒரு மாதம் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டே, தெரியாதவர்போல என்னிடம் சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். சர்ப்ரைஸ் யாருக்கு?

பிறகு சுத்தியலும் ஆணியும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். சுவரில் மிச்சமிருந்தது ஒரே ஒரு இடம், மாமியாருக்கும் ஆச்சிக்கும் நடுவில். அளந்தார். சட்டம் சரியாக அடங்குகிற அகலம், யாரோ கணக்குப் பார்த்து ஒதுக்கிவைத்ததுபோல. படத்தை அங்கே வைத்துப் பிடித்தார். கொக்கிகள் மினுங்கின. மாமியார் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார். ஆச்சி முழங்கையோடு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாள். அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். "இங்க வேண்டாம்" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஸ்டுடியோக்காரன் போன் செய்தான். "டீச்சர், சார் வந்திருந்தாவ. மச்சத்தத் திரும்ப வைக்கச் சொன்னாவ. கண்ணுக்குக் கீழ உள்ளதையும். எடுத்ததுக்கு வாங்கினதையே வைக்கவும் வாங்கியிருக்கேன், தப்பா நினைக்காதீங்க." கணக்கு தேறிவிட்டான்.

மகளுக்குச் சொன்னபோது அவள் ஒரு ஆராய்ச்சியைச் சொன்னாள். 1977இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பெண்களிடம் அவர்களுடைய படத்தையும், அதையே கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாற்றியதையும் காட்டி எது நன்றாக இருக்கிறது என்று கேட்டார்களாம். பெண்களில் பலர் கண்ணாடி முகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்; அவர்களுடைய காதலர்களில் பலர் நேர்ப் படத்தை. அவரவர் பார்த்துப் பழகிய முகம். நம் மச்சம் நமக்கு ஒரு பக்கம், வீட்டுக்காரருக்கு இன்னொரு பக்கம்.

புதிய பிரிண்ட் இப்போது ஸ்டீல் பீரோவில் இருக்கிறது. கதவின் வெளிப்பக்கம் ஆளுயரக் கண்ணாடி. நான் தலை சீவுவது அங்கே. உள்பக்கத்தில், அவர் சட்டைகள் தொங்குகிற தட்டுக்கு நேரே, படத்தை ஒட்டியிருக்கிறார். சட்டம் இல்லை, கொக்கி இல்லை. காலையில் சட்டை எடுக்கக் கதவைத் திறக்கிறவர் மூடுவதற்கு நேரமாகிறது. அவரிடம் இருப்பது மொத்தம் ஆறு சட்டை. அதில் நாலு வெள்ளை.