கடலுக்கும் ஒரு பரண்

வா பேராண்டி, திண்ணையில உக்காரு. மெட்ராஸ் பீச்சுல முங்கறவங்களைக் காப்பாத்தக் கூடம் கட்டப் போறீங்களாம், அதுக்கு மக்கள் கருத்து வேணுமாம். கடக்கரையில கேக்க ஆளே கெடைக்காம மாரமங்கலத்துக்கு மலையேறி வந்திருக்கியே, உன் புத்தியை மெச்சணும்.

ஆனா கடலை நாம பாக்கலைன்னாலும் கடலு நம்மளைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கு. 2024 நவம்பர் 30-ல புதுச்சேரிகிட்ட கரையேறுன ஃபெஞ்சல் புயலு, நேரா இங்க வந்து ஏற்காட்டு மேல இருபது சென்டிமீட்டருக்கு மேல கொட்டி, மலைப்பாதையில மண்ணைச் சரிச்சு விட்டுச்சே, மறந்துட்டியா? அதனால எனக்கும் ஒரு ஓட்டு உண்டு. கேளு.

உன் ஃபோன்ல இருக்கற கேள்வியைப் படிச்சேன். 'பருவநிலை மாற்றத்தைத் தாங்கும் உயிர்காப்புக் கூடம் தேவை என்று கருதுகிறீர்களா?' பதிலுக்கு நாலு கட்டம்: மிகவும் ஆம், ஆம், ஓரளவு ஆம், கருத்தில்லை. வேண்டாங்கறவனுக்கு எடமே விடலியே கண்ணு! இதுக்குப் பேருதான் கருத்துக்கேட்பு போலிருக்கு. கேக்கறதும் நீ, கருத்தும் உன்னுது.

சரி, உனக்கு வேலை நெலைக்கணும். மொதல்ல பெரிய மனுசங்க வழியிலயே ஒரு யோசனை சொல்றேன், எழுதிக்கோ. நல்ல கெட்டி கான்கிரீட்டா, அலைக்கு எவ்வளவு கிட்டக்கப் போவ முடியுமோ அவ்வளவு கிட்டக்கக் கட்டு. உப்புக்காத்து உள்ள பூந்து, கம்பி துருப்பிடிச்சு, காரை பேந்து விழறதுக்குக் கொஞ்ச வருசமாவும். அதுக்குள்ள உனக்கு மாத்தல் வந்துரும். ஏசி ரூம் ரோட்டைப் பாத்து இருக்கட்டும், கடலைப் பாத்து வெச்சா காவக்காரனுக்குக் கண்ணு கூசும். வாசல்ல கல்வெட்டு கட்டாயம். திறப்பு விழாவை ஐப்பசி, கார்த்திகையில வை. அப்பத்தான் கடலும் வந்து கலந்துக்கும்.

சிரிக்காத, நடந்ததைத்தான் சொல்றேன். 1881-ல வெள்ளைக்காரன் மெட்ராஸ் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவரை ஏறக்குறையக் கட்டி முடிச்சிருந்தான். நவம்பர் மாசம் புயல் வந்து அரை மைல் சுவரை அள்ளிக்கிட்டுப் போச்சு. 2022-ல மெரினாவுல, சக்கர நாற்காலியில வர்றவங்களும் அலைகிட்டக்கப் போவட்டும்னு 263 மீட்டருக்கு மரப்பாதை போட்டாங்க, 1.14 கோடி ரூபா செலவு. நல்ல காரியம், அதைக் குத்தஞ் சொல்ற நாக்கு அழுவிப் போவும். ஆனா திறந்த நாளைப் பாரு, நவம்பர் 27. மாண்டஸ் புயலு மாமல்லபுரத்துக்கிட்ட கரையேறுனது டிசம்பர் 9 ராத்திரி. ரெண்டு வாரம் முழுசா ஆவலை, கடல்பக்கத்துப் பலகைங்க பேந்து கெடந்துச்சு. அப்பறம் சரிபண்ணித் திறந்தாங்க. நூத்தி நாப்பது வருசம் இடைவெளி, பருவம் மட்டும் மாறலை.

திரும்பக் கட்டுன அந்தத் துறைமுகச் சுவரு சும்மாவும் நிக்கலை. தெக்கேருந்து வடக்கே போற மணலை மறிச்சு மெரினாவை அகலமாக்குச்சு. வடக்கே ராயபுரத்துப் பக்கம் கரையைக் கடலு தின்னுச்சு. கடக்கரையில நீ ஒரு சுவரு கட்டினா, அதுக்கு வாடகை குடுக்கறவன் பக்கத்துக் குப்பத்துக்காரன். கடலோரம் என்ன கட்டலாம், எங்க கட்டக் கூடாதுன்னு சர்க்காரு 1991-ல ஒரு விதி போட்டுச்சு, 2011-ல மாத்துச்சு, 2019-ல திரும்ப மாத்துச்சு. கடலும் தன் கோட்டை மாத்துது, சர்க்காரும் தன் கோட்டை மாத்துது, நடுவுல நிக்கறவன் கால் மட்டும் எப்பவும் ஈரமாவே இருக்கு.

இப்ப கெழவன் யோசனை. சாமைக் காட்டுல பன்னிக் காவலுக்குப் பரண் போடறமே, அதை ஏன் செங்கல் வெச்சுக் கட்டறதில்ல? பன்னி எறங்குற வழி வருசத்துக்கு வருசம் மாறும். அறுப்பு முடிஞ்சா மூங்கிலைப் பிரிச்சு எரவாணத்துல சொருவிடறோம். கடலும் அப்படித்தான். அலை உடையாம, ஒண்ணுந் தெரியாத புள்ளையாட்டம் அமைதியா ஒரு எடம் தெரியும் பாரு, அங்கதான் ஆளை உள்ள இழுக்கற நீரோட்டம் ஓடும். மணல்திட்டு மாறினா அதுவும் எடம் மாறிக்கும். நீ கெட்டியாக் கட்டுன கூடம், போன வருசத்துச் சாவைக் காவல் காத்துக்கிட்டு நிக்கும்.

அதனால அலைகிட்டக்க இருக்கறது லேசா இருக்கட்டும். மூங்கிலோ மரமோ, கழட்டி மாட்டற மாதிரி, நாலாளு இழுத்தா நகர்ற மாதிரி. விளக்குக்கும் மைக்குக்கும் மேல சூரியத் தகடு. புயல் எச்சரிக்கை வந்தா ரோட்டைத் தாண்டி ஊர்ப்பக்கம் கொண்டாந்துடு. முதலுதவி ரூம், கக்கூசு, படகும் கயிறும் வைக்கற கொட்டகை, இதெல்லாம் உள்ள தள்ளி மேட்டுல இருக்கட்டும்.

பரணும் தானாப் பன்னியை வெரட்டாது, மேல முழிச்சிருக்கறவன்தான் வெரட்டுவான். கோவாவுல 2008-லேருந்து பயிற்சி குடுத்த ஆளுங்களைச் சம்பளத்துக்கு நிறுத்தியிருக்காங்க. மெட்ராஸுக்குத் தெக்கே இருக்கற நம்ம கோவளத்துக்கு, நல்ல பீச்சுக்குக் குடுக்கற நீலக்கொடி 2021-ல கெடைச்சுதே, அந்தக் கொடிக்கு 33 நிபந்தனை, உயிர்காப்பாளர் இருக்கணுங்கறதும் அதுல ஒண்ணு. உன் மதிப்பீட்டுல டைல்ஸுக்கு எவ்வளவு, நீச்சல்காரன் சம்பளத்துக்கு எவ்வளவுன்னு ராத்திரி தனியா உக்காந்து பாரு. தூக்கம் வந்தா நீ பெரிய அதிகாரியா வருவே.

கருத்து கேக்கணும்னா ஓட்டல் ஹால்ல பிஸ்கட்டு வெச்சுக் கேக்காத. விடியக்காலம் நொச்சிக்குப்பத்துலயும் ஊரூர் குப்பத்துலயும் வலை பிரிக்கறவங்ககிட்டப் போ. நீரோட்டத்துக்கு வன்னி, தெண்டின்னு பேரு வெச்சு வாழற சனம், எந்த மாசம் எங்க இழுக்கும்னு கைநீட்டிக் காட்டும். சாயங்காலம் சுண்டல் விக்கற பையனைக் கேளு, காலேஜ் பசங்க எந்த எடத்துல சட்டையைக் கழட்டறாங்கன்னு அவனுக்குத் தெரியும்.

ஆனாலும் நீ இங்க வந்ததுல ஒரு நியாயம் இருக்கு, ஒத்துக்கறேன். பேப்பர்ல பாக்கறேன், முங்கறவன் பெரும்பாலும் குப்பத்துக்காரன் இல்லை, நம்மளை மாதிரி கடல் பாக்காம வளந்து, சுற்றுலா பஸ்ஸுல போயி எறங்கறவன்தான். அவனுக்கு ஏரிக்கும் கடலுக்கும் வித்தியாசம் தெரியாது. இழுத்தா எதுத்து நீஞ்சாத, கரையோட போக்குலயே பக்கவாட்டுல நீஞ்சி வெளிய வா, கையைத் தூக்கிக் காட்டுன்னு நம்ம பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடு. உன் கூடத்தோட மொதல் படிக்கட்டை ஏற்காட்டுல கட்டு, அதைப் புயலு தூக்கிக்கிட்டுப் போவாது.

திறப்பு விழாவைத் தை மாசம் வை. ஐப்பசி, கார்த்திகையைத் தாண்டி எது நிக்குதோ அதுக்கு மட்டும் ரிப்பன் வெட்டு. ஒண்ணும் நிக்கலைன்னா ரிப்பன் காசாவது மிச்சம். அதுல ரெண்டு மிதவை வளையம் வாங்கி, நீச்சல்காரன் கையில குடு.