கேட் வகுப்பு

கேள்வி: எம்.பி.ஏ.வுக்கான கேட் தேர்வுக்குப் பணம் கட்டிப் பயிற்சி வகுப்பில் சேரத்தான் வேண்டுமா?
- வாசகி, திருச்சி

பதில்: கணக்கைப் பள்ளியோடு தலைமுழுகியவர் என்றால் சேருங்கள். மற்றவர்கள் முதலில் கேட் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும் மாதிரித் தேர்வை எழுதிப் பாருங்கள்.

மூன்று பகுதிகள், பகுதிக்கு 40 நிமிடம். நேரம் முடியாமல் அடுத்ததற்குத் தாவ முடியாது. சரியான விடைக்கு 3 மதிப்பெண். கொடுத்த நான்கில் தப்பானதைத் தொட்டால் 1 போச்சு. எந்தக் கேள்வியை விடுவது என்று தெரிந்தவர்தான் இங்கே கரையேறுவார். நம் பள்ளிகளோ ‘ஒன்றையும் விடாதே, ஏதாவது எழுது’ என்றே வளர்த்தவை! அந்தப் பழக்கத்தை உடைக்கும் ஆசிரியர் கிடைத்தால் கட்டணம் தகும். தலையணை கனத்தில் புத்தகம் மட்டும் தருகிறார்களா? பணத்தைப் பத்திரப்படுத்துங்கள், ஐ.ஐ.எம். கட்டணத்துக்குக் கட்டாயம் தேவைப்படும்.