சபை அட்மின்

ஊழியங்கள் பலவகை, அவற்றில் கடைக்குட்டி வாட்ஸ்அப் ஊழியம். அதற்கென்றே அழைக்கப்பட்டவர் சபை அட்மின். குருவானவர் மாற்றலாகிப் போவார், கமிட்டி கலையும், அட்மின் மட்டும் அசையமாட்டார். பாஸ்வேர்டு அவரிடம் இருக்கிறது. சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு அவர் கேன்வாவில் செய்யும் போஸ்டரில் மேகம் பிளக்கும், புறா இறங்கும். பேராயர் பெரிதாகவும், குருவானவர் நடுத்தரமாகவும், கமிட்டியார் பாஸ்போர்ட் அளவிலும் சிரிப்பார்கள். நேரம் மட்டும் வலது மூலையில், மஞ்சள் ஒளிவட்டத்தின் மேல் வெள்ளை எழுத்தில் ஒளிந்திருக்கும். குழுவில் வரிசையாக ஆமென் விழும். நடுவில் ஒருவர், "அண்ணே, சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்பார். "போஸ்டரில இருக்கே தம்பி!" என்று பதில் வருமே தவிர, மணி வராது.

அவருக்குக் கருவிப் பஞ்சம் இல்லை. அறிவிப்பை அலங்காரம் என்று நினைப்பதுதான் கோளாறு. நல்ல அறிவிப்புக்கு முன்மாதிரி ஆலயத்திலேயே இருக்கிறது: கல்யாண ஓலை. மாப்பிள்ளை யார், பெண் யார், எந்த ஊர், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு வாசிப்பதோடு சரி. புறாவும் இல்லை, மேகமும் இல்லை. ஆனாலும் பெண் யாரென்று யாரும் திரும்பக் கேட்பதில்லை. 'அப்படியானால் ஆலயத்துக்கு இந்தக் கருவியெல்லாம் எதற்கு?' என்று பெரியவர்கள் கேட்பார்கள். ஆலயத்துக்குக் கருவி புதிதல்ல. 1715இலேயே தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்க் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கியபோது, சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டார்கள். சொல்லவேண்டியதற்குத் தக்கபடி கருவியை வளைத்தார்கள். அட்மினோ கருவிக்குத் தக்கபடி செய்தியை வளைக்கிறார்.

'அழகாக இருந்தால்தானே வாலிபர்கள் பார்ப்பார்கள்?' என்பது அட்மினின் வாதம். நியாயம்தான், புறா இருந்துவிட்டுப் போகட்டும். படத்துக்குக் கீழே நாள், மணி, இடம், விசாரிக்கவேண்டிய எண் நான்கையும் எழுத்தாகத் தட்டினால் போதும். படத்துக்குள் இருக்கும் மணியைக் குழுவில் தேடிப்பிடிக்க முடியாது. தட்டிய எழுத்தைத் தேடலாம், மேலே பின் செய்தும் வைக்கலாம். யூனிகோடில் தட்டவேண்டும், பாமினி எழுத்துருவில் தட்டியதை ஒட்டினால், எதிரே ஆங்கில எழுத்துக் குப்பைதான் கொட்டும். பிராட்காஸ்ட் செய்தி அட்மினின் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே போகும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். வாசிக்கத் தெரியாத பாட்டிக்குச் சின்னதாக ஒரு குரல்பதிவு போதும். சம்பளமில்லாமல் ராத்திரி கண்விழித்து உழைப்பவரிடம் இத்தனை குறை காண்பது தகுமா என்றால், இத்தனையும் அவர் தூக்கத்துக்காகவே சொல்வது. நான்கு வரி எழுதிவிட்டால், நாற்பது பேருக்குத் தனித்தனியே பதில் சொல்லவேண்டாம். அதற்கப்புறமும் மணி கேட்டு ஒருவர் வரத்தான் செய்வார். அவர் பெரும்பாலும் கமிட்டிச் செயலராக இருப்பார்.