மழைக்கு ஒதுங்கியவன் கடிதம்

லண்டன்

அன்புள்ள மாமாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க ஆசைதான். ஆனால் உங்கள் முட்டிவலி, மாத்திரை, டாக்டரோடு போட்ட சண்டை எல்லாவற்றையும் அத்தை நேற்று ராத்திரியே வாட்ஸப்பில் ஒப்பித்துவிட்டார். எனவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். மழையென்றால் அங்கே என்னதான்டா செய்வாய் என்று கேட்டீர்களாமே.

முதலில் ஒன்று. இந்த ஊர் மழையின் பெருமை பாதி பொய். வருஷம் முழுக்கப் பெய்வதைக் கூட்டினாலும் 600 மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் தேறும். சென்னையில் அதைப்போல் இரண்டு மடங்கு கொட்டுகிறது. சென்னை ஒரே வீச்சில் மொத்தத் தொகையைக் கட்டிவிடும். லண்டன் மாதத் தவணைக்காரன். குடையை விரித்தால் நிற்கும், மடக்கினால் விழும்.

அந்த நேரத்தில் ஒரு நாடகம் பார்க்கலாமே என்பீர்கள். வெஸ்ட் எண்ட் கொட்டகைகளில் கொஞ்சம் நல்ல இடமாகக் கேட்டால் 100 பவுண்டுக்கு மேலே போய்விடுகிறது. எதையும் ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் வியாதி எனக்கு இன்னும் விடவில்லை. பத்தாயிரத்துக்கு மேல், மாமா! பாய் விரித்து, விடிய விடிய வள்ளி திருமணத்தை ஓசியில் பார்த்து வளர்ந்த உடம்பு இது. இரண்டரை மணி நேரத்துக்கு அவ்வளவு தர ஒப்பவில்லை. அதனால், டிக்கெட் இல்லாமலோ சில்லறைக் காசிலோ நுழையக்கூடிய நாடக இடங்களாகப் பார்த்து மழைக்கு ஒதுங்குகிறேன். நீங்கள் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவர் என்று தாத்தா சொல்வார். இந்த மாதிரிப் பள்ளிக்கூடம் என்றால் நீங்களும் ஒதுங்கியிருப்பீர்கள்.

கோவென்ட் கார்டனில் செயின்ட் பால்ஸ் என்றொரு தேவாலயம் இருக்கிறது. அதே பெயருள்ள, ஊரறிந்த பெரிய குவிமாடக்காரர் வேறு, இது சின்னது. 1630களில் கட்டியது. பணம் போட்ட பிரபு, ‘செலவு கூடாது, ஒரு கொட்டகை போதும்’ என்றாராம். கட்டிய இனிகோ ஜோன்ஸ், ‘இங்கிலாந்திலேயே அழகான கொட்டகையாகத் தருகிறேன்’ என்றாராம். சதுக்கத்தைப் பார்த்து பெரிய தூண்கள், நடுவில் கம்பீரமான கதவு. அந்தக் கதவு திறக்காது. பொய்க் கதவு! பலிபீடம் கிழக்கில்தான் இருக்க வேண்டும் என்று மேலிடம் பிடிவாதம் பிடிக்க, வாசலை மேற்கே மாற்றிவிட்டார்கள். பின்பக்கத் தோட்டம் வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தில் முதல் காட்சியே பெருமழை. ஜனங்கள் ஓடிவந்து ஒதுங்குவது இந்தத் தூண்களுக்கு அடியில்தான். நானும் அங்கேயே ஒதுங்கினேன். நாடகத்தில் வரும் பூக்காரிதான் இல்லை.

உள்ளே சுவரெல்லாம் நடிகர்களின் பெயர்ப்பலகை. நாடகக்காரர்களின் கோயில் என்றே இதற்குப் பெயர். சாப்ளின் அடக்கமானது சுவிட்சர்லாந்தில், பலகை இங்கே. பிராங்கன்ஸ்டைன் பூதமாக வந்து உலகத்தை மிரட்டிய போரிஸ் கார்லோஃபும் பக்கத்துச் சுவரில் சாதுவாக இருக்கிறார்.

அங்கிருந்து நாலு எட்டில் டிரூரி லேன் ராயல் தியேட்டர். முன்கூடத்தில் ஒரு பக்கம் அரசர் பக்கம், மறுபக்கம் இளவரசர் பக்கம் என்று எழுதியிருக்கும். மூன்றாம் ஜார்ஜும் அவர் பிள்ளையும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் போய்வரச் செய்த ஏற்பாடு என்று கதை. நம் ஊர்ப் பங்காளிகளுக்கும் கல்யாண மண்டபத்தில் இப்படி ஒரு வசதி வேண்டும். ராபர்ட் பாட்லி என்ற நடிகர் 1794இல் சாகும்போது 100 பவுண்டு எழுதிவைத்தார். அதன் வட்டியில் ஆண்டுதோறும் ஜனவரியில் இங்கே நடிக்கும் குழுவுக்குக் கேக். இன்றும் வெட்டுகிறார்கள்.

அடுத்ததை நீங்கள் கட்டாயம் பார்த்தாக வேண்டும். தேம்ஸுக்குத் தென்கரையில் ஓர் அலுவலகக் கட்டடம். அதன் வயிற்றுக்குள் ஒரு பழைய நாடகக் கொட்டகையின் மிச்சம். பெயர் ரோஸ். 1587இல் ஹென்ஸ்லோ என்பவர் கட்டியது. ஷேக்ஸ்பியரின் ‘டைட்டஸ் ஆண்ட்ரோனிகஸ்’ எல்லாம் நடந்த இடம். 1989இல் புதுக் கட்டடம் கட்டுவதற்கு முன் தோண்டிப் பார்த்தபோது அகப்பட்டது. பெக்கி ஆஷ்கிராஃப்ட், இயன் மெக்கெல்லன் போன்ற நடிகர்கள் வந்து மறித்து நின்றார்கள். கடைசியில் கொட்டகையை இடிக்காமல் அதன் தலைக்கு மேலேயே கட்டிக்கொண்டார்கள். மண் காய்ந்து வெடிக்கக் கூடாதென்று மணலும் கான்கிரீட்டும் போட்டு, மேலே தண்ணீரையும் தேக்கியிருக்கிறார்கள். எப்போதாவதுதான் திறப்பார்கள். இருட்டு, குளிர், பழைய சுவர் எங்கே போனது என்பதைச் சிவப்பு விளக்குச் சரம்தான் காட்டுகிறது. அவ்வளவுதான் காட்சி. வெளியே பெய்கிற மழை போதாதென்று உள்ளேயும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனாலும் கிளம்ப மனசு வரவில்லை.

நாடகத்துக்கு சீன் வாடகைக்கு விட்ட உங்களுக்கு இந்த ஹென்ஸ்லோதான் சரியான ஆள், மாமா. அடகுக்கடை வைத்திருந்தார், நாடகம் எழுதுகிறவர்களுக்குக் கடன் கொடுத்தார், வரவு செலவைப் பைசா விடாமல் எழுதினார். பெரிய ராஜபார்ட் நடிகர் எட்வர்ட் ஆலைன், ஹென்ஸ்லோவுடைய மனைவியின் மகளைக் கட்டியவர். எந்த ஊரிலும் மாப்பிள்ளைக்குத்தான் ராஜபார்ட். 1598ஆம் வருஷத்துச் சாமான் பட்டியலில் ஒரு பாறை, ஒரு கல்லறை, ஒரு நரக வாய் எல்லாம் இருக்கின்றன. கூடவே, கண்ணுக்குத் தெரியாமல் போவதற்கான அங்கி ஒன்று! அதை வாடகைக்கு எடுத்தவன் திருப்பித் தராவிட்டால் எப்படித் தேடுவது?

கிழக்கே வில்டன்ஸ் மியூசிக் ஹால், 1859இல் திறந்தது. சந்துக்குள் இருக்கிறது, தேடிப் பிடிக்க வேண்டும். ஆட்டம், பாட்டு, மது என்றிருந்த இடத்தை 1888இல் மெதடிஸ்ட் சபையார் எடுத்துப் பிரசங்க மண்டபமாக்கினார்கள். மறு வருஷம் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் நாளொன்றுக்கு 2,000 பேருக்கு இங்கே சாப்பாடு. பிறகு கந்தல் கிடங்கு. இடிக்க நாள் பார்த்தபோது கவிஞர் ஜான் பெட்ஜமன் முதலானோர் தடுத்தார்கள். முறுக்கிய இரும்புத் தூண்கள், உரிந்த சுவர். பூசி மெழுகாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். காட்சி இல்லாத நேரத்திலும் மதுக்கூடத்தில் உட்காரலாம். நான் தேநீர்தான் குடித்தேன், அத்தையிடம் சொல்லுங்கள்.

நேஷனல் தியேட்டரில் சீன் தயாரிக்கும் பட்டறையை மேலிருந்து பார்க்க இலவச நடைபாதை உண்டு. அதை விடுங்கள். 2025இல் கிழக்கு லண்டனில் வி அண்ட் ஏ அருங்காட்சியகம் தன் கிடங்கையே ஜனங்களுக்குத் திறந்துவிட்டது. அங்கே ஒரு படுதா தொங்கியது. 10 மீட்டருக்கு மேல் உயரம். கடற்கரையில் இரண்டு பெண்கள் ஓடுகிறார்கள். பிக்காசோ சின்ன அளவில் வரைந்ததை, 1924இல் பாலே ஒன்றுக்காக ஷெர்வஷீட்ஸே என்ற சீன் எழுதும் ஓவியர் இவ்வளவு பெரிதாக எழுதியிருக்கிறார். பிக்காசோ வந்து பார்த்து, அசந்து, தன் கையெழுத்தையே அதில் போட்டுக் கொடுத்துவிட்டார். எழுதிய ஓவியரின் பெயரைத் தேடித்தான் படிக்க வேண்டியிருந்தது. அதில் எனக்குக் கோபம்தான்.

அந்தப் படுதாவுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தபோதுதான் அத்தையின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. நீங்கள் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த சீன் செட்டில் காட்டு சீனை எலி தின்றது போக, மிச்சமிருந்த தர்பார் சீனை வைக்கோல் போருக்குப் போர்த்தியிருக்கிறீர்களாம். மாமா, மழை வலுப்பதற்குள் அதை எடுத்து நிழலில் காயப்போடுங்கள். மடிக்க வேண்டாம், மூங்கிலில் சுருட்டுங்கள். தார்ப்பாய்க்கு அத்தையின் கணக்கில் பணம் போட்டிருக்கிறேன்; உங்கள் கணக்கில் போட்டால் அது தார்ப்பாயாக மாறாது என்று அத்தை சொல்லிவிட்டார்.

அன்புடன்,
உங்கள் மருமகன்