கொழுக்கட்டைக்கும் வெல்லம், ஊறலுக்கும் வெல்லம்

போன மாதம் அண்ணன் மகன் என்னை லோயர் பரேலில் ஒரு பீர்க்கடைக்கு இழுத்துப் போனான். கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதியிருந்தது: கோகம், அல்போன்சா, கொத்தமல்லி. அல்போன்சா மாம்பழம் என்றால் செம்பூர்ச் சந்தையில் டஜன் கணக்கில் பேரம் பேசி வாங்குவது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

“குடிச்சுப் பாருங்க சித்தப்பா. கொங்கண் மண்ணோட ருசி.”

குடித்தேன். புளி கூடிப்போன ரசம், ஆறிப்போய்.

“இது கிராஃப்ட் பீர். கொஞ்சமா, கைப்பக்குவமா, உள்ளூர்ச் சரக்கை வெச்சுச் செய்யறது.”

சிரித்துவிட்டேன். இந்த மூன்று லட்சணமும் பொருந்திய தொழில் தாராவியில் எப்போதோ நடந்தது. அப்போது அதைக் கலை என்று யாரும் சொல்லவில்லை. செக்ஷன் நம்பர் சொன்னார்கள்.

1950 ஏப்ரலில் பம்பாய் மாகாணத்தில் முழு மதுவிலக்கு வந்தது. பிடிவாதமாக நின்றவர் மொரார்ஜி தேசாய். மனிதன் எதைக் குடிக்கலாம் என்பதில் அவருக்குத் தனிக் கொள்கை இருந்தது. அது என்ன திரவம் என்று பிற்பாடு உலகத்துக்கே தெரிந்தது. பால்சாரா என்பவர் விஸ்கியும் பீரும் ஓடிகொலோனும் லாவண்டர் தண்ணீரும் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார். 1951இல் சுப்ரீம் கோர்ட், மருந்துக்கும் வாசனைச் சரக்குக்கும் போட்ட தடை செல்லாது, மற்றது செல்லும் என்றது. ஆக, கழுத்தில் பூசுகிற சாராயம் ஜெயித்தது, கழுத்துக்குள் போகிற சாராயம் தோற்றது. உடம்புக்காகக் குடித்தே ஆகவேண்டியவர்களுக்குப் பெர்மிட் உண்டு என்றார்கள். வசதியுள்ளவர்கள் வரிசையாக நோயில் விழுந்தார்கள்.

டாக்டருக்குக் கொடுக்கக் காசில்லாதவர்களுக்குத் தாராவி இருந்தது. வெல்லம், அழுகின பழம், சாத்துக்குடித் தோல், மேலே ஒரு பிடி நவச்சாரம். பானை புளித்து நுரைக்கிற வரைக்கும் பீரும் நம் ஊறலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். அடுப்பில் ஏற்றிய பிறகுதான் நம்மவர் வேறு வழியில் போகிறார். காய்ச்சின சரக்கு லாரி டியூபில் ஊருக்குள் போனது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: இதில் எல்லாமே வேடிக்கை இல்லை. 2015இல்கூட மும்பை மால்வணியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள்.

தூத்துக்குடியிலிருந்து வந்து விக்டோரியா டெர்மினஸில் மூட்டை தூக்கிய வரதராஜ முதலியார் இந்தத் தொழிலில்தான் பெரிய ஆளானார். அந்தக் காசில் மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் பிள்ளையாருக்குப் பிரம்மாண்டப் பந்தல் எழுந்தது. கொழுக்கட்டைக்கும் வெல்லம், ஊறலுக்கும் வெல்லம். பிள்ளையார் கணக்குக் கேட்கவில்லை. முதலியார் சாயலில் 1987இல் ‘நாயகன்’ படம் வந்தது. நல்ல படம்தான், நவச்சார நாற்றம் மட்டும் திரையில் அடிக்கவில்லை.

“அதெல்லாம் சரக்கு சித்தப்பா, இது பீர். இந்தியா பேல் ஏல்னு நம்ம பேர்லயே ஒண்ணு இருக்கு.”

இருக்கிறது. லண்டனில் பௌ என்ற இடத்தில் ஹாட்ஜ்சன் காய்ச்சி, இங்கிருந்த வெள்ளைக்காரன் தாகத்துக்குக் கப்பலேற்றிய வம்சம் அது. நம் பங்கு பேர் மட்டும்தான்.

பில் வந்தது. பார்த்ததும் எனக்கும் டாக்டர் தேவைப்பட்டது. மகாராஷ்டிரத்தில் குடிக்க இன்றைக்கும் சட்டப்படி பெர்மிட் வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது.

“பெர்மிட் வெச்சிருக்கியாடா?”

பையன் பர்ஸைத் திறந்து டிரைவிங் லைசென்ஸை நீட்டினான்.